வீட்டுப் பக்கத்தில் பெட்ரோல் பங்க்: ஆட்சேபம் நியாயமா?

தமிழ்நாட்டில் வளர்ந்துவரும் ஊர்களில் எல்லாம் ஒரே மாதிரியான தகராறு ஒன்று கிளம்பிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு வெளியே புதிதாக ஒரு நகர் உண்டாகிறது. சர்க்கார் ஊழியர்களும், ஆசிரியர்களும், சிறு வியாபாரிகளும் கடன் வாங்கி வீடு கட்டிக் குடிவருகிறார்கள். மெயின் ரோட்டை ஒட்டிய மூலை மனை மட்டும் பல வருஷங்களாகக் காலியாகக் கிடக்கிறது. ஒரு நாள் அங்கே மண் தோண்டும் யந்திரம் வந்து நிற்கிறது. என்ன கட்டப் போகிறார்கள் என்று விசாரித்தால், “பெட்ரோல் பங்க்” என்று பதில் வருகிறது. அதற்குள் தொட்டி புதைக்கப் பள்ளமும் தோண்டியாகிவிடுகிறது. அன்று மாலையே குடியிருப்போர் கூடிக் கையெழுத்து வாங்கி, மறுநாள் கலெக்டர் ஆபீசுக்கு மனுவுடன் புறப்படுகிறார்கள்.

இந்த ஆட்சேபத்தைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. “வண்டி எல்லோருக்கும் வேண்டும், பெட்ரோலும் எல்லோருக்கும் வேண்டும், பங்க் மட்டும் அடுத்த தெருவுக்குப் போக வேண்டுமா?” என்று கேட்பது ஒரு கட்சி. “குழந்தைகள் விளையாடும் இடத்தில் வெடிகுண்டைப் புதைக்கிறார்கள்” என்று சொல்வது இன்னொரு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது; கொஞ்சம் மிகையும் இருக்கிறது. எது எவ்வளவு என்று நிதானமாகப் பார்த்தால், தகராறின் வேர் பெட்ரோலில் இருப்பதைவிட அனுமதி வழங்கும் முறையில்தான் அதிகம் இருக்கிறது என்பது விளங்கும்.

ஏன் வீட்டைத் தேடி வருகிறது?

பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் கம்பெனிகள் வியாபாரம் செய்த காலத்தில் பங்க் என்பது பெரிய ஊருக்கு நாலைந்து என்று இருந்தது. அந்தக் கம்பெனிகள் 1970-களில் தேசியமயமாயின. பிறகு இரு சக்கர வண்டி வீட்டுக்கு வீடு வந்தது. 2015-ல் இந்தியாவில் சுமார் 50 ஆயிரமாக இருந்த பங்க்குகளின் எண்ணிக்கை, 2025-ல் ஒரு லட்சத்தை எட்டிவிட்டது. பத்தே வருஷத்தில் இரண்டு மடங்கு! 2018 நவம்பரில் பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகள் ஒரே மூச்சில் 55 ஆயிரத்துக்கும் அதிகமான இடங்களுக்கு விளம்பரம் செய்தன.

விளம்பரத்தில் கம்பெனி ஒரு சாலையையோ பகுதியையோ குறிப்பிடும். அங்கே தகுந்த மனை வைத்திருப்பவருக்கு, அல்லது குத்தகைக்கு எடுக்கக்கூடியவருக்கு முதலிடம். ஆகவே பங்க் எந்த மூலையில் வர வேண்டும் என்பதை நகரத் திட்டம் நிர்ணயிப்பதைவிட, யாரிடம் ரோட்டோர மனை இருக்கிறது என்பதே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. மனைக்காரரும் சட்டப்படிதான் விண்ணப்பிக்கிறார். கடன் வாங்கி முதலும் போடுகிறார். அவரைக் குற்றவாளிபோல் நடத்துவது சரியல்ல. இதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தீயும் ஆவியும்

முதல் பயம் தீ. பெட்ரோலைச் சட்டம் ‘ஏ’ வகுப்பு என்று பிரித்திருக்கிறது. 23 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கும் எண்ணெய்கள் இந்த வகுப்பில் சேரும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் அப்படிப்பட்ட ஆவி விடக்கூடியது. நம் ஊர் வெயிலில் சொல்லவேண்டியதில்லை. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. புகைபோல மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, சாக்கடையிலும் பள்ளத்திலும் இறங்கித் தங்கும். அதனால்தான் தொட்டியை மண்ணுக்குள் புதைக்கிறார்கள். லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் முன் மண்ணிணைப்புக் கம்பி மாட்டுகிறார்கள். ஒழுங்காக நடத்தும் பங்க்கில் பெரிய தீ விபத்து அபூர்வம். தினமும் லட்சக்கணக்கான வண்டிகளுக்கு ஆபத்தில்லாமல் எண்ணெய் போடப்படுகிறது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அபூர்வம் என்பதற்கு நடக்காது என்று பொருள் இல்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் 2015 ஜூன் 3-ந் தேதி இரவு பெருமழை கொட்டியது. வெள்ளத்துக்கு ஒதுங்க ஜனங்கள் ஒரு பங்க்கின் கூரையடியில் நின்றார்கள். எண்ணெய் வெள்ளத்தில் மிதந்து பரவித் தீப்பற்றியது. 150 பேருக்கும் மேல் மாண்டார்கள். பங்க் வரும் மனை தாழ்வான இடமா, மழை நீர் எந்தப் பக்கம் ஓடும், அந்த வடிகால் யார் வீட்டு வழியாகப் போகிறது என்று கேட்பவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாது. சென்னையும் கடலூரும் தூத்துக்குடியும் பார்த்த வெள்ளங்களுக்குப் பிறகு, இது கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஆவி. தொட்டியில் 12 ஆயிரம் லிட்டர் பெட்ரோல் இறங்கினால், உள்ளே இருந்த ஏறக்குறைய அதே அளவு ஆவி கலந்த காற்று வெளியே போயாக வேண்டும். அது ஓரமாக உயர்ந்து நிற்கும் ஆவிக் குழாய் வழியாகப் போகிறது. வண்டியில் எண்ணெய் போடும்போதும் இப்படியே சிறிது சிறிதாக ஆவி கிளம்புகிறது. அதில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் தொகுதியில் சேர்த்திருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றில் அது வருஷ சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று 2009-ல் தரம் வகுத்தார்கள்.

எவ்வளவு தூரம் வரை இந்த ஆவி தொல்லை தரும்? அமெரிக்காவில் இரண்டு பெரிய பங்க்குகளின் ஆவிக் குழாய்களில் கருவி வைத்து அளந்து, 2018-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரம் சுவாசிக்கத் தக்க அளவென்று கலிபோர்னியா வைத்திருக்கும் பென்சீன் வரம்பு, ஒரு பங்க்கில் 50 மீட்டர் தூரம் வரையிலும், மற்றதில் 160 மீட்டர் வரையிலும் மீறப்படலாம் என்று கணக்கிட்டார்கள். அவை நம் ஊர்ச் சிறு பங்க்குகளைவிட மிகப் பெரியவை. ஆகவே அந்த எண்ணை அப்படியே எடுத்து நம் தெருவில் ஒட்டிவிடக் கூடாது. ஆனால் அதில் ஒரு பாடம் உண்டு. தூரம் என்பது விற்பனையைப் பொறுத்தது. கலிபோர்னியாவின் காற்று வாரியம் 2005-ல் வெளியிட்ட யோசனைகளிலும், சாதாரண பங்க்குக்கு 50 அடி, மிகப் பெரிய பங்க்குக்கு 300 அடி என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. நம் நாட்டிலோ பெரியதற்கும் சிறியதற்கும் ஒரே முழக்கோல்தான்.

ஆவியைப் பற்றிப் பேசும்போது, பங்க்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளியை மறந்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். அவருக்குச் சாத்த ஜன்னலும் இல்லை. ஆவியைப் பிடித்துத் திரும்பத் தொட்டிக்கும் லாரிக்கும் அனுப்பும் சாதனம் இருக்கிறது. வைத்தால் இருவருக்கும் நன்மை.

கிணற்றில் எண்ணெய்

மூன்றாவது, நிலத்தடி நீர். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. காரணம் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாயில் கசிவு. அது பங்க் அல்ல. பெரிய குழாய்ப் பாதை. ஆனாலும் மண்ணுக்குள் போன எண்ணெய் எவ்வளவு சுலபமாக வீட்டுக் கிணற்றுக்கு வருகிறது, எவ்வளவு கஷ்டப்பட்டால் அது மண்ணை விட்டுப் போகிறது என்பதை அந்தத் தெருக்காரர்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். சுத்தம் செய்யும் வேலை வருஷக்கணக்கில் நீண்டது. முனிசிபல் குழாய் எட்டாத புதிய நகர்களில் ஆழ்குழாய்க் கிணறே குடிதண்ணீர். அங்கே தொட்டிக்கு இரட்டைச் சுவர் உண்டா, கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி உண்டா என்று கேட்பது வீண் கேள்வியாகாது.

நான்காவது தொல்லை எல்லோரும் கண்ணால் காண்பது. ரோட்டைக் குறுக்கே வெட்டித் திரும்பும் வண்டிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் ஓரத்தில் நிற்கும் வரிசை, நள்ளிரவில் வரும் டாங்கர் லாரி, விடிய விடிய எரியும் விளக்கு. உயிர்ச் சேதம் என்று பார்த்தால், தீயைவிடச் சாலைத் திருப்பத்தையே முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்லலாம்.

50 மீட்டரின் கதை

இவற்றை எல்லாம் கருதித்தான் ஒரு விதி வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை ஒட்டி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரி 7-ந் தேதி வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. புதிதாக வரும் பங்க், பள்ளிக்கூடத்திலிருந்தும், 10 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியிலிருந்தும், உள்ளூர்ச் சட்டங்களின்படி குடியிருப்பு என்று குறிக்கப்பட்ட பகுதியிலிருந்தும் 50 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. இடநெருக்கடியால் அது முடியாவிட்டால், வெடிபொருள் பாதுகாப்பு இலாகா சொல்லும் கூடுதல் பாதுகாப்புகளைச் செய்ய வேண்டும். அப்போதும் 30 மீட்டருக்குக் குறையவே கூடாது. உயர் அழுத்த மின்கம்பி பங்க்குக்கு மேலே போகக் கூடாது.

கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கிருந்து எதுவரை அளப்பது? எண்ணெய் இறக்கும் வாய், வண்டிக்குப் போடும் பம்பு, ஆவிக் குழாய் இந்த மூன்றில் எது பக்கமோ அதிலிருந்து அளக்க வேண்டும் என்கிறது விதி. மனையின் எல்லைச் சுவரிலிருந்து அல்ல. மனுவில் “எங்கள் வீட்டிலிருந்து 20 அடியில் பங்க்” என்று எழுதுகிறவர்கள் பலர், சுவரிலிருந்து அளந்துவிட்டு எழுதுகிறார்கள். ஆபீசில் அந்த மனு நிற்பதில்லை. ஆவிக் குழாயை மனைக்குள்ளேயே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினால் கணக்கும் மாறிவிடும். ஆகவே தூரத்தைப் பற்றிய வாதம் எல்லாம் மனையின் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் செல்லும்.

இதைவிடப் பெரிய சிக்கல் “குறிக்கப்பட்ட” என்ற ஒரு வார்த்தையில் இருக்கிறது. வீடு இருப்பது போதாது. அது நிற்கும் பகுதி குடியிருப்பு என்று திட்டத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய நகரங்களுக்கு 1971-ம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் இருக்கிறது; வண்ணம் தீட்டிய வரைபடம் இருக்கிறது. அதிலும் மெயின் ரோட்டோரம் பெரும்பாலும் வியாபாரப் பகுதி அல்லது கலப்புப் பகுதி என்றுதான் இருக்கும். திட்டமே எட்டாத ஊர்கள் எத்தனையோ! கிராம நத்தத்தில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் வீடு குறிக்கப்பட்ட குடியிருப்பா? வயலை மனையாக்கி விற்ற இடத்தில் எழும்பிய 200 வீடுகள் குடியிருப்பா? அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்துவதற்கென்றே 2017-ல் தமிழ்நாட்டில் தனி விதிகள் செய்ய வேண்டி வந்தது. அப்படிப்பட்ட மனைகளில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

தீக்கும் ஆவிக்கும் வரைபடத்தின் வண்ணம் தெரியாது. மஞ்சள் பூசிய இடத்தில் இருக்கும் குழந்தைக்கு ஒரு தூரம், பூசாத இடத்தில் இருக்கும் குழந்தைக்கு ஒரு தூரம் என்று சுவாசப்பை கணக்குப் பார்ப்பதில்லை. விதி உண்டானது மனிதரைக் காப்பாற்ற. அளவோ மனிதர் இருக்கும் வீட்டிலிருந்து இல்லாமல், காகிதத்தில் உள்ள பெயரிலிருந்து தொடங்குகிறது.

யாரைக் கேட்டு?

பங்க் வைக்க வேண்டுமானால், 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டத்தின் கீழ் 2002-ல் செய்த விதிகளின்படி லைசென்ஸ் வேண்டும். அதை வழங்குவது நாகபுரியைத் தலைமை இடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு இலாகா. அதற்கு முன்னால் ஜில்லா கலெக்டரின், போலீஸ் கமிஷனர் உள்ள நகரமானால் கமிஷனரின், தடையில்லாச் சான்று வேண்டும். அவர் போலீஸ், வருவாய், தீயணைப்பு, நெடுஞ்சாலை, உள்ளாட்சி ஆகிய இலாகாக்களிடம் அறிக்கை கேட்கிறார். எல்லா இலாகாக்களும் ஆட்சேபணை இல்லை என்று எழுதினால் சான்று கிடைக்கிறது.

இத்தனை பேரைக் கேட்கும் சர்க்கார், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பதில்லை. பெரிய ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பொதுமக்கள் கருத்துக் கேட்பு உண்டு. பெட்ரோல் பங்க் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஆட்சேபம் இருப்பவருக்குச் சேதி தெரிவது, ‘ஆட்சேபணை இல்லை’ என்று சான்று எழுதிக் கையெழுத்தும் ஆன பிறகு!

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவு ஒவ்வொரு பங்க்குக்கும் வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் ஒரு சமயம் சொல்லியிருந்தது. சென்னையிலிருந்து போன அந்த வழக்கில் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 10 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில், மாதம் 3 லட்சம் லிட்டருக்கு மேல் விற்கும் பங்க்குகள் ஆவி பிடிக்கும் சாதனத்தைக் கெடுவுக்குள் வைத்தாக வேண்டும் என்றும் கூறியது. சிற்றூர்ப் பங்க் இந்தக் கெடுவுக்குள் வராது. இப்படி ஒரு வாசல் மூடிய பிறகு, கலெக்டர் நடத்தும் விசாரணை ஒன்றுதான் குடியிருப்போர் தலைநீட்டக்கூடிய முக்கியமான இடமாக மிஞ்சி நிற்கிறது. அந்த வாசலும் அவர்களுக்குத் தெரியாமலே திறந்து மூடப்படுகிறது என்பதுதான் குறை.

இதனால் நஷ்டம் குடியிருப்போருக்கு மட்டும் அல்ல. பள்ளம் தோண்டி, தொட்டி இறக்கி, கூரையும் போட்ட பிறகு தடை உத்தரவு வந்தால், கடன் வாங்கிய பங்க்காரரும் நடுத்தெருவில் நிற்கிறார். முதலிலேயே கேட்டிருந்தால், ஆவிக் குழாயை இடம் மாற்றியோ, வேறு மனை பார்த்தோ இரு தரப்பும் பிழைத்திருக்கலாம்.

குடியிருப்போர் செய்யத் தக்கது

கோஷம் போடுவதைவிடக் காகிதம் சேகரிப்பது பலன் தரும். 2005-ம் வருஷத்துத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ், தடையில்லாச் சான்றின் நகல், ஒவ்வொரு இலாகாவும் கொடுத்த அறிக்கை, மனையின் வரைபடம் இவற்றைக் கேட்க வேண்டும். வரைபடத்தில் மேற்சொன்ன மூன்று இடங்களையும் பார்த்து, அங்கிருந்து மிக அருகில் உள்ள வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வரை அளந்து எழுத வேண்டும். தங்கள் பகுதி திட்டத்தில் என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று நகர ஊரமைப்பு இலாகாவில் எழுத்து மூலம் பெற வேண்டும். அறிக்கையில் “அருகில் குடியிருப்பு இல்லை” என்று எழுதியிருந்தால், வீட்டுவரி ரசீதுகளே அதற்குப் பதில்.

மனுவைக் கலெக்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. சென்னையில் உள்ள வெடிபொருள் பாதுகாப்பு இலாகா ஆபீசுக்கும், நெடுஞ்சாலை இலாகாவுக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகல் போக வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே போக, வழக்குக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். மனுவுக்குப் பதில் வரும், வரும் என்று ஒரு வருஷம் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கதவும் சாத்திவிடும்.

சர்க்கார் செய்யத் தக்கது

இதற்குப் பெரிய சட்டம் ஒன்றும் தேவை இல்லை. விண்ணப்பம் வந்த உடனே அந்த மனையிலும், பஞ்சாயத்து அல்லது முனிசிபல் ஆபீசிலும் ஒரு பலகை வைக்கலாம். “இங்கே பெட்ரோல் பங்க் வைக்க உத்தேசம், ஆட்சேபம் உள்ளவர்கள் 30 நாளுக்குள் தெரிவிக்கவும்” என்று தமிழில் எழுதி, மூன்று இடங்களையும் காட்டும் படத்தையும் ஒட்டலாம். ஆட்சேபங்களைக் கேட்டு, ஏற்றாலும் தள்ளினாலும் காரணத்தோடு உத்தரவு போடலாம். தூரத்தை வரைபடத்தின் பெயரிலிருந்து அளக்காமல், ஆட்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து அளக்கச் சொல்லலாம். 50 மீட்டருக்குக் குறைத்து அனுமதி கொடுக்கும்போது, ஊர் சிறிதோ பெரிதோ, ஆவி பிடிக்கும் சாதனத்தைக் கட்டாயம் ஆக்கலாம்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு ஜாண் என்ன, முழம் என்ன என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 50 மீட்டரா, 30 மீட்டரா என்ற வழக்கு, தொட்டியைப் புதைத்த பிறகு நடந்தால் அதே கதைதான். பங்க் வேண்டாம் என்பது ஜனங்களின் வாதமாக இருக்க முடியாது. அடுத்த வீட்டில் என்ன வரப்போகிறது என்பதை மண் தோண்டும் யந்திரத்திடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டாம், கலெக்டரிடமிருந்தே தெரிந்துகொள்கிறோம் என்கிறார்கள். இந்தக் கோரிக்கை நியாயமானது. மறுப்பதற்குக் காரணம் ஒன்றும் காணோம்.